கேக் சாப்பிடச் சொல்லாத ராணி

மரி அந்துவனெத் என்றதும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வாறது, பாண் இல்லாட்டி கேக் சாப்பிடச் சொன்ன ராணி எண்டுதான். பாவம், அவ அதைச் சொல்லவே இல்லை. பெயர் குறிப்பிடாத ஒரு இளவரசி சொன்னதாக ரூசோ அந்தக் கதையை எழுதியபோது, இவ வியன்னாவில் ஓடி விளையாடித் திரிந்த சின்னப்பிள்ளை. பிரான்ஸுக்கு வந்ததே 1770இல்தான், 14 வயதில், பதினைந்து வயது லூயிக்கு மனைவியாக.

ஒஸ்ரியா பிரான்ஸின் பழைய எதிரி. அதனால் 'ஒஸ்ரியாக்காரி' எண்ட பட்டம் கடைசிவரை போகவில்லை. எட்டு வருசம் பிள்ளை இல்லை, அதுக்கும் பழி அவவின் தலையில்தான். சும்மா இருந்தாவா எண்டால் அதுவுமில்லை. உடுப்பு, சூதாட்டம், தனக்கெண்டு தனி மாளிகை என்று காசைத் தண்ணியாகச் செலவழித்தா.

ஆனால் அவவை உண்மையில் விழுத்தியது அவ வாங்காத ஒரு வைர மாலை! 647 வைரங்கள் பதித்தது. ராணி அதை இரகசியமாக வாங்க விரும்புகிறா என்று ஜோன் த லா மொத் என்ற பெண், ரோஆன் என்ற கர்தினாலை நம்ப வைத்து, கள்ளக் கையெழுத்தும் காட்டி மாலையைக் கொண்டுபோய்விட்டா. 1785இல் விசயம் வெளியே வந்தது. அடுத்த வருசம் நீதிமன்றம் கர்தினாலை விடுவித்தபோது பரிஸ் சனம் கொண்டாடியது. ராணி பேரில் இப்படி ஒரு வியாபாரம் நடக்கலாம் எண்டு ஒரு கர்தினால் நம்பினதில் யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. அவவின் பெயர் அந்தளவுக்குக் கெட்டிருந்தது.

நாடு கடனில் மூழ்கியது அவவின் உடுப்புகளாலா? 1788இல் அரச செலவில் பாதியளவு கடன் கட்டவே போனது. அமெரிக்க யுத்தத்துக்கு வாங்கின கடன் அதில் பெரும் பங்கு. அரண்மனைச் செலவு நூற்றுக்கு ஆறு, ஏழு வீதம்தான். பிரபுக்களும் தேவாலயமும் ஒழுங்காக வரி கட்டாத கதையை விட்டிட்டு, 'பற்றாக்குறை அம்மணி' எண்டு அவவுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண்ணைத் திட்டுறது சுலபம்தானே.

அதுக்காக நாங்கள் அவவை அப்பாவி ஆக்கவும் முடியாது. 1792 மார்ச்சில், யுத்தம் தொடங்க முன்னமே, பிரெஞ்சுப் படை எந்தப் பக்கத்தால் தாக்கப்போகிறது என்பதை ஒஸ்ரியாவுக்கு எழுதி அனுப்பினா. எல்லையில் சாகப்போனது அவவின் குடிமக்களின் பிள்ளைகள். ஓகஸ்ட் 10ஆம் திகதி சனம் அரண்மனைக்குள் புகுந்தது, செப்டம்பரில் முடியாட்சி ஒழிந்தது.

1793 ஒக்டோபர் வழக்கில், எட்டு வயது மகனோடு தகாத உறவு வைத்தா என்றுகூடக் குற்றம் சாட்டினார்கள். அவ சபையிலிருந்த தாய்மாரைப் பார்த்து நியாயம் கேட்டா. தேசத்துரோகக் குற்றச்சாட்டும் இருந்தது. அந்தக் கடிதம் நீதிபதிகளின் கையில் இருக்கவில்லை. இருந்தாலும் 16ஆம் திகதி கில்லட்டினுக்கு அனுப்பினார்கள்.