அந்த "வோம்" சத்தம் எங்கேயிருந்து வந்தது?

வைனில் இசைத்தட்டில இருந்து சாம்பிள் எடுத்தால்தான் பீற்றுக்கு உயிர் வரும், டிஜிற்றல் எல்லாம் செத்த சத்தம். பீற் செய்யிற நண்பர்களோட பழகியிருந்தால் இதை ஒருக்காவது கேட்டிருப்பீங்கள். நாங்களும் சொல்லித் திரிஞ்ச ஆக்கள்தான். உதாரணத்துக்கு எல்லாரும் காட்டுறது 90களின் நியூயோர்க் ஹிப்-ஹொப். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேற.

1987இல் ஈ-மியூ நிறுவனம் எஸ்.பி-1200 என்ற சாம்ப்ளரை வெளியிட்டது. அது ஒலியை டிஜிற்றலாகப் பதியும் இயந்திரம். அதுவும் ஏழை டிஜிற்றல். சீடியில் ஒலி ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படும். எஸ்.பி-1200 அளந்தது ஏறத்தாழ 26,000 தடவை, வெறும் 4,096 படிகளில். 13 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி பதியவே பதியாது. மொத்த நினைவகம் சுமார் 10 செக்கன். ஒரு துண்டுக்கு 2.5 செக்கன்தான்.

அதுக்குள்ள ஒரு டிரம் லூப்பை எப்படி அடக்கிறது? 33 வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். பிறகு இயந்திரத்துக்குள்ளே வேகத்தைக் குறைத்தார்கள். அப்படிச் செய்தால் 3.3 செக்கன் துண்டும் உள்ளே போயிடும். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை, அவ்வளவுதான். ஆனால் வேகத்தைக் குறைக்கேக்க இயந்திரம் கையில் இருக்கிற அளவுகளையே திருப்பித் திருப்பிப் போடும், இடைவெளியை மழுக்கி நிரப்பாது. அந்தப் படிக்கட்டு விளிம்புகள் மூலப் பதிவில் இல்லாத, உலோகம் உரசுற மாதிரி ஒரு ஒலியை உண்டாக்கும். மேலே கூர்மை வெட்டுப்பட்டு, கீழே கரகரப்பு ஏறிவிடும். இதைத்தான் நாங்கள் அனலொக்கின்ர "வோம்" சத்தம் எண்டு நம்பிக்கொண்டிருந்தம்!

அதுக்காக அனலொக்குக்குப் பங்கே இல்லை எண்டில்லை. 1969இல் சின்சினாற்றியில், ஜேம்ஸ் பிரவுணின் "ஃபங்கி டிரம்மர்" பாட்டுக்குக் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசிச்ச அந்தச் சில செக்கன்கள் காந்தநாடாவில் பதியப்பட்டவை. ஒலி உச்சத்துக்குப் போகேக்க நாடா அதை மெதுவாக அமத்தும். டிஜிற்றலில் எல்லை தாண்டினால் ஒரே வெட்டு. பிற்காலச் சீடி மறுவெளியீடுகள் பலவற்றில் சத்தத்தைக் கூட்டுறதுக்காக உச்சங்களை நசிச்சுப் போட்டினம். அதில இருந்து எடுத்த ஸ்னேர் சப்பெண்டு இருக்கும். இந்தப் பிழை சீடியின்ர பிழையில்லை, தயாரிச்ச ஆக்களின்ர பிழை. நல்ல இசைத்தட்டை ஒழுங்காக டிஜிற்றலுக்கு மாத்தினால் கீறல் சத்தம்கூட அப்பிடியே வரும்.

1989இல் பப்ளிக் எனிமியின் "ஃபைட் த பவர்" உட்பட எத்தனையோ பாட்டுகளுக்குள்ளே போனது ஸ்டபில்ஃபீல்டின் அதே அடிதான். பாட்டை எழுதினவராக அவருடைய பெயர் பதிவில் இல்லை; அதனால் உரிமைப் பணமும் அவரிடம் போய்ச் சேரவில்லை. 2017இல் இறந்துபோனார். ஒலித்தரத்தைப் பற்றி இரவிரவாகச் சண்டை பிடிக்கிற நாங்கள் இதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு.

காசு குடுத்து "வைனில்" பிளகின் வாங்க முன்னம் ஒண்டு செய்து பாருங்கோ. உங்கட டிரம் துண்டை 1.35 மடங்கு வேகமாக்கி, 26,000க்கும் 12 பிற்றுக்கும் இறக்கி, பழைய வேகத்துக்குத் திருப்பிக் கொண்டுவாங்கோ. ஒலியை மழுக்கிற வசதியை மறக்காமல் நிப்பாட்டிப் போடுங்கோ, இல்லாட்டி அந்த உரசல் வராது.