பிரித்தாலும் குறையாத வீடு

சொத்து பிரிக்கும்போது நம்ம ஊர்ல ஒரு கணக்கு உண்டு. கிணறு பொது, வழி பொது. மற்றதை எல்லாம் அளந்து கோடு போட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு முன்கட்டு என்றால் தம்பிக்குப் பின்கட்டு. ஒருவருக்கு ஒரு அடி கூடினால் இன்னொருவருக்கு ஒரு அடி குறையும். பங்காளிச் சண்டைகள் எல்லாம் அந்த ஒரு அடியில்தான் பிறக்கின்றன.

மென்பொருள் உலகத்திலும் பாகப்பிரிவினை நடக்கிறது. அதற்கு ஃபோர்க் என்று பெயர். பிரிந்து போகிறவர் முழு வீட்டையும் எடுத்துக்கொண்டு போவார். இருக்கிறவரிடமும் முழு வீடு அப்படியே இருக்கும். கட்டற்ற மென்பொருளில் மட்டும் சாத்தியமாகிற வினோதம் இது. இந்த மாதிரி பிரிந்து பிரிந்து வளர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அலுவலகங்களில் "யார் என்ன வேலை செய்கிறார்கள், எப்போது முடியும்" என்று கணக்கு வைக்கிற மென்பொருள்களின் குடும்பம்.

இந்த வகையறாவுக்கு முதலில் இருந்த வேலை பிழைகளைப் பதிவு செய்வது மட்டும்தான். 1998இல் மொசில்லாவுக்காக வந்தது பக்ஸில்லா. அதன் பெயரிலிருந்த காட்ஸில்லாவைப் பிடித்துக்கொண்டு, அந்த மிருகத்தின் ஜப்பானியப் பெயரான கோஜிராவிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது ஜிரா. அட்லாசியன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 2002இல் விற்க ஆரம்பித்த மென்பொருள் அது. கிட்டத்தட்ட அதே காலத்தில், எஸ்கியூலைட் எழுதிய ரிச்சர்ட் ஹிப், சிவிஎஸ்ட்ராக் என்று சின்னதாக ஒன்று எழுதினார். அதைப் பார்த்து சுவீடனைச் சேர்ந்த எட்ஜ்வால் குழு 2004இல் வெளியிட்டதுதான் ட்ராக்.

ட்ராக்கின் யோசனை ரொம்ப எளிமையானது. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு டிக்கெட், அதற்கு ஒரு எண். நிரலை மாற்றும்போது குறிப்பில் அந்த எண்ணை எழுதினால் போதும், இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு விக்கி. இந்த மாற்றத்தை யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், எப்படிச் செய்தார்கள் என்று பத்து வருடம் கழித்தும் நூல் பிடித்துக்கொண்டு போகலாம். வேர்ட்பிரஸும் ஜாங்கோவும் இன்றைக்கும் ட்ராக்கைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ட்ராக் ஒரு திட்டத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் கட்டப்பட்டது. பத்து வாடிக்கையாளர், பத்து வேலை என்று ஓடுகிற கம்பெனிக்கு அது கொஞ்சம் இடுக்கம்தான்.

அந்த இடத்தில்தான் 2006இல் ரெட்மைன் வருகிறது. எழுதியவர் ழான் ஃபிலிப் லாங். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சட்டகத்தில் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ரெயில்ஸே பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் சேவையிலிருந்து உருவி எடுக்கப்பட்டதுதான். 37சிக்னல்ஸ் நிறுவனம் 2004இல் பேஸ்கேம்ப்பைக் காசுக்கு விற்றது, அதன் அஸ்திவாரத்தை மட்டும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த அஸ்திவாரத்தின் மேல் இன்னொருவர் வந்து இலவசமாக ஒரு வீடு கட்டிவிட்டார்.

ரெட்மைனில் ஒரே நிறுவலில் எத்தனை திட்டம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். திட்டத்துக்குள் துணைத் திட்டம். யாருக்கு என்ன உரிமை என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். டிக்கெட், காண்ட் வரைபடம், நாட்காட்டி, விக்கி, செலவழித்த மணிநேரம் எல்லாம் பிரௌசரிலேயே. சொந்தமாக ஒரு சர்வர் இருந்தால் போதும், தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கிடையாது. ரூபி மொழியின் பிழைகளே இன்றும் ரெட்மைனில்தான் பதிவாகின்றன.

சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியிலும் ரெட்மைன்தான். "ரெட்மைன்ல போடு" என்பது அங்கே ஒரு வினைச்சொல் மாதிரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யாரும் உட்கார்ந்து பாடம் எடுக்க மாட்டார்கள். பழைய டிக்கெட்டுகளைப் படிக்கச் சொல்வார்கள். நான் முகம்கூடப் பார்க்காத ஒருவர், எனக்கு முன்னாலேயே வேலையை விட்டுப் போனவர், ஒரு கணக்கு ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று நாலு பத்தி எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தபோதுதான் இந்த மென்பொருள்களின் மேல் எனக்கு மரியாதை வந்தது. ஆள் போன பிறகும் ஆளின் யோசனை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சரி, மென்பொருளைச் செய்தவரே போய்விட்டால் அந்த யோசனை எல்லாம் என்ன ஆகும்?

ரெட்மைன் குடும்பத்தில் அந்தக் கேள்வி சீக்கிரமே வந்தது. லாங் அதிகம் பேசாதவர். எந்த மாற்றம் உள்ளே போக வேண்டும், எப்போது வெளியீடு என்பதெல்லாம் கடைசியில் அவர் கையில்தான் இருந்தது. உதவிக்கு வந்தவர்களுக்குப் பொறுமை போனது. 2011 பிப்ரவரியில், எரிக் டேவிஸ் உள்ளிட்ட சில பங்களிப்பாளர்கள் பிரிந்து போய் சில்லிப்ராஜெக்ட் என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். ஒருவர் முடிவு செய்வது போய், கூடி முடிவு செய்யலாம், குறித்த நேரத்தில் வெளியிடலாம் என்பது அவர்களின் எண்ணம். ரெட்மைனின் ஜிபிஎல் உரிமம் அதற்கு முழுசாக வழிவிட்டது. லாங்கிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அன்றைக்கு வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலரும் ரெட்மைன் இனி அவ்வளவுதான் என்று நினைத்திருக்கலாம். நடந்தது வேறு. சில்லிப்ராஜெக்ட் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ரெட்மைன் தன் பாட்டுக்கு நடந்தது. 3.0 வந்தது 2015இல், 4.0 வந்தது 2018 டிசம்பரில், 5.0 வந்தது 2022இல், 6.0 வந்தது 2024இல். மெதுவாகத்தான், ஆனால் நிற்கவில்லை. உலகமே கிட்டுக்குப் போன பிறகும் அதன் மூல நிரல் பழைய சப்வெர்ஷனிலேயே இருக்கிறது. பழைய வீட்டைக் காலி பண்ண மாட்டேன் என்கிற பெரியப்பா மாதிரி.

அப்படியானால் பிரிந்தவர்கள் தோற்றார்களா? அங்கேதான் கதை திரும்புகிறது. சில்லிப்ராஜெக்ட் மூடுவதற்கு முன்பே, பெர்லினில் ஒரு நிறுவனம் அதன் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்க ஆரம்பித்திருந்தது. 2012இல் அதற்கு ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. அதுதான் ஓப்பன்ப்ராஜெக்ட். ரெட்மைனின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். மகன் போய்விட்டான், தாத்தாவும் பேரனும் இருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களின் கிளவுடை நம்பி அரசு நடத்த முடியாது என்று ஜெர்மன் கூட்டாட்சி அரசு சென்டிஸ் என்ற நிறுவனத்தை அமைத்தது. அது உருவாக்கிய ஓப்பன்டெஸ்க் என்ற அலுவலகத் தொகுப்பில் நெக்ஸ்ட்கிளவுட், எலிமென்ட் போன்றவற்றோடு ஓப்பன்ப்ராஜெக்டும் இருக்கிறது. தாத்தாவின் திண்ணையிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள் எடுத்துப்போன நிரல், ஒரு நாட்டின் அரசு அலுவலகம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதே ரெட்மைனின் தாமதத்துக்கு ஜப்பான்காரர்கள் வேறொரு பதில் வைத்திருந்தார்கள். ஜப்பானில் ரெட்மைனுக்கு நல்ல செல்வாக்கு. ரூபியை உருவாக்கிய மாட்ஸ் வாழும் மட்சுவே நகரில்தான் ஃபார்எண்ட் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனமும் இருக்கிறது. அவர்கள் 2019இல் ரெட்மிக்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ரெட்மைனில் சேர்ந்திருந்தும் வெளியீட்டுக்குக் காத்திருக்கிற மாற்றங்களை எடுத்து, வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும், முன்கூட்டியே வெளியிடுவார்கள். அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் ரெட்மைனிலும் நிரல் சேர்க்கும் உரிமை பெற்றவர். தனி அடுப்பு, ஆனால் முற்றம் ஒன்று. சண்டை போடாமலும் பிரியலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

இந்த உரிமை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஜிராவைத் தங்கள் சொந்த சர்வரில் வைத்திருந்த கம்பெனிகளுக்கு, 2020 அக்டோபரில் அட்லாசியனிடமிருந்து அறிவிப்பு வந்தது. சர்வர் பதிப்பின் விற்பனை 2021 பிப்ரவரியோடு சரி, ஆதரவு 2024 பிப்ரவரி 15 வரைதான். கிளவுடுக்குப் போங்கள், இல்லை பெரிய நிறுவனங்களுக்கான டேட்டா சென்டர் பதிப்புக்குப் போங்கள். சட்டப்படி அதில் தப்பு எதுவும் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. ஆனால் அந்த வீட்டின் சுவரில் எழுதியிருந்தது எல்லாம் குடியிருந்தவர்களின் கை.

ஃபேஸ்புக்கில் பிறந்த ஃபேப்ரிகேட்டரும் இதே சமயத்தில் நின்றது. அதைப் பராமரித்த நிறுவனம் 2021 ஜூன் 1 முதல் கைவிடுவதாகச் சொன்னது. ஆனால் அது கட்டற்ற மென்பொருள். பயனர்களே நிரலை எடுத்து ஃபோர்ஜ் என்று தொடர்ந்தார்கள். 2014இல் பக்ஸில்லாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்த விக்கிமீடியாவின் வேலைகள் இன்றும் நடக்கின்றன.

இலவசம் என்பதால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை. சர்வரை யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களை யாரோ ராத்திரி உட்கார்ந்து போட வேண்டும். ஓப்பன்ப்ராஜெக்டே சில வசதிகளைக் காசு கட்டுகிற பதிப்புக்கு என்று ஒதுக்கித்தான் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. அதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. சம்பளம் இல்லாத பராமரிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு சில்லிப்ராஜெக்ட் சாட்சி.

மென்பொருள்கள் சாகும். கட்டற்றவையும் சாகும். அவற்றின் உரிமம் தருவது ஒன்றே ஒன்றுதான்: செய்தவர் கதவைச் சாத்தினாலும், உள்ளே இருப்பவர்கள் எழுதியதை விட்டுவிட்டு வெளியேற வேண்டியதில்லை. என் பழைய கம்பெனியில் அந்த நாலு பத்தி எழுதியவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் டிக்கெட்டில் இருந்த கணக்கு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.