கடற்காற்றின் ஈரமும் மின்கடத்துதிறனும்: ஒரு கருத்தின் வரலாறு

ஈரக்காற்று மின்சாரத்தை எளிதிற் கடத்தும் என்பது நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையாகும். உண்மை இதற்கு மாறானது என்பது உணரப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1785-இல் பிரெஞ்சு அறிஞர் கூலும், மின்னூட்டம் பெற்ற பொருள் காற்றில் அதனைச் சிறிது சிறிதாக இழப்பதை அளந்தார். ஈரம் மிகுந்த நாள்களில் இழப்பும் மிகுந்தது. எனவே பின்வந்தோர் பலரும் நீராவியே மின்னைக் கடத்துகிறது எனக் கருதினர். 1899-ஐ ஒட்டி ஜெர்மானிய ஆசிரியர்களான எல்ஸ்டரும் கைட்டலும், தெளிந்த காற்றில் இழப்பு விரைவாகவும் மூடுபனியில் மெதுவாகவும் நிகழக் கண்டனர். கடத்துவன காற்றிலுள்ள அயனிகளே என்பது இதனால் தெளிவாயிற்று. ஈரநாளில் மின்னூட்டம் கசிவது பெரிதும் கருவித் தாங்கிகளின் நனைந்த பரப்பின் வழியேயாகும்.

அயனி என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. 1834-இல் ஹ்யூவெலின் துணையுடன் ஃபாரடே வழங்கிய மூலச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'செல்வது' என்பது பொருள். 'செலவு' எனப் பொருள்படும் வடமொழி 'அயனம்' என்பதும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரினின்று பிறந்ததே. தமிழ் வடிவம் ஒலிபெயர்ப்பாயினும், அதன்கண் செலவுப் பொருள் தற்செயலாகப் பொருந்தி நிற்கிறது.

அச்செலவைத் தடுப்பதே ஈரத்தின் வினை. நிலத்தின்மேல் ரேடான் வளியும் காற்றை அயனியாக்கும். நடுக்கடலில் அது மிகக் குறைவாதலின் அண்டக்கதிர்களே முதன்மைக் காரணமாகின்றன. அலைகள் தெறிக்கும் உப்புத்துகள்கள், ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்ததும் கரைந்து நீர்த்துளிகளாகப் பருக்கின்றன. பருத்த துளிகள் சிற்றயனிகளை மிகுதியாகப் பற்றுகின்றன. துளியோடு ஒட்டிய அயனியின் இயக்கம் பெரிதும் தளர்வதால் காற்றின் கடத்துதிறன் குறைகிறது.

கடற்காற்றின் மின்னியல்பை விரிவாக அளந்தது, 1909-இல் கட்டப்பெற்ற 'கார்னகி' என்னும் காந்தமற்ற அமெரிக்கக் கப்பல். 1929 நவம்பர் 29 அன்று சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் அது தீக்கிரையாயிற்று. தலைவர் ஆல்ட் உயிரிழந்தார். கப்பல் அழிந்தும் அளவீடுகள் பயன்தந்தன. 1970-இல் காபும் வெல்சும் புதிய அளவுகளை அவற்றோடு ஒப்பிட்டு, வட அட்லாண்டிக்கில் கடத்துதிறன் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருப்பதையும், தென் பசிபிக்கில் அத்தகைய மாற்றம் இன்மையையும் காட்டினர். நுண்துகள் மாசே இதற்குக் காரணம் என்பது அவர்தம் முடிபு.

மாசும் ஈரமும் கடத்துதிறனை ஒரே திசையில் தாழ்த்துவன. எனவே ஈரத்தின் பங்கைப் பிரித்தறிந்தாலன்றி, பழைய அளவீடுகளைக் கொண்டு மாசின் வளர்ச்சியை மதிப்பிடல் இயலாது.