பூந்தமல்லிச் சாலையில் அபினும் அதன் மாற்றுகளும்

கோட்டைக்குள் 1664-இல் தோன்றி, 1772-இல் இன்றைய ஸ்தலத்துக்குப் பெயர்ந்த சென்னைப் பெரியாஸ்பத்திரியின் பக்கத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, கிழக்கிந்தியக் கும்பெனியாரின் வெள்ளைப் பட்டாளம் தங்கியிருந்த பூந்தமல்லிக் கண்டோன்மெண்டுக்கு இட்டுச் சென்றதாதலின், ரண சிகிச்சையின் சரித்திரத்தை அச்சாலையோரமாகவே ஒருவாறு சொல்லிவிடலாம். ஈதர் மயக்கம் 1846-இல் உலகறிய நிரூபணமாகும் வரை, காலை அறுத்தெடுக்கும்போதும் அதற்குப் பின்னரும் வைத்தியர் கைக்கொண்ட பிரதான ஔஷதம் அபினும், அதைச் சாராயத்தில் ஊறவைத்த லாடனமுமே. வங்காளத்து அபினுக்கோ கும்பெனியே ஏகபோக வியாபாரி.

சுதந்திரத்துக்குப் பின் ஆவடியில் 1961-இல் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் எழுந்து, இயந்திரத்தில் கை சிக்கியோர் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கிய காலத்தில், பெரிய சிகிச்சைக்குப் பின் அபினிலிருந்து எடுக்கும் மார்பினோ, பெதிடினோ ஊசியேற்றுவதே வழக்கம். ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம், பல குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல் விதித்து, மார்பினை வாங்கவும் வைத்திருக்கவும் பல இலாகாக்களின் அனுமதியைக் கோரவே, பல ஆஸ்பத்திரிகள் அம்மருந்தையே கைவிட்டன. உலகச் சந்தைக்கு அபின் விற்கும் தேசத்தில், 1997-இல் வைத்தியத்துக்குச் செலவான மார்பின் வெறும் 18 கிலோ!

அந்தப் பஞ்சத்தில் டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், முதுகுத்தண்டருகே குழாய் செருகிச் செலுத்தும் மரப்பு மருந்து ஆகியவை முன்னுக்கு வந்தன. டென்மார்க்கின் ரண வைத்தியர் கெலட், 1993-இல் டால் என்பவருடன் சேர்ந்து, பல மருந்துகளைச் சிறிது சிறிதாகக் கலந்து மார்பினைக் குறைக்கலாம் என்று எழுதினார். நாம் அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டோம் என்று பெருமை பேசுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் சொன்னது வைத்தியர் விசாரித்துத் தேர்ந்த கலவை. நம்முடையது பயத்தால் நேர்ந்த இல்லாமை, அதன் விலையைக் கொடுத்தவன் கட்டிலில் கிடந்த நோயாளி.

மார்பின் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, கடும் வலியையும் மட்டுப்படுத்துகிறது. கூடவே சுவாசத்தை மந்தப்படுத்திக் குடலையும் கட்டிவிடுகிறது. டைக்ளோஃபெனாக் வகையோ காயத்திலேயே அழற்சியைத் தணிக்கும்; இரைப்பையையும் சிறுநீரகத்தையும் வருத்தும் அபாயமுடையது. இதற்கிடையே 2014-இல் அந்தப் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதி வழங்கும் பொறுப்பு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒன்றுசேர்ந்தது. 2018-இல் டிரமடால் என்னும் வலி மருந்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அபின் சம்பந்தமற்ற சுசெட்ரிஜின் என்னும் வலி மருந்து 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதென்றாலும், அதன் பிரதான பரீட்சைகள் கால் பெருவிரல் எலும்பைத் திருத்தும் சிகிச்சையிலும் தொந்தியைக் குறைக்கும் சிகிச்சையிலும் நடந்தவை; ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை அது அங்கே வெல்லவில்லை. ஆகவே வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சையின் முதல் இரவில், மற்ற மருந்துகளோடு அளந்து கொடுக்கும் மார்பினுக்கு இன்னும் இடமிருக்கிறது.