நண்பர் கேட்ட கேள்வி

(டவுனிங் தெருவின் இரும்புப் பெண்மணி – 23)

ஜெஃப்ரி ஹோவ் காமன்ஸ் சபையில் எழுந்து பேசுவதை இந்த வாரம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும். 1990 நவம்பரில் இந்த முன்னாள் அமைச்சர் பேசிய பேச்சோடு பிரதமர் மார்கரெட் தாட்சரின் ஆட்டம் முடிந்தது என்பது ஊரறிந்த கதை. அதற்கு ஓராண்டு முன்பு, 1989 அக்டோபர் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டனின் ஐடிவி சேனலில் ஒரு பேட்டி ஒளிபரப்பானது. அதைத் தாண்டிக்கொண்டு ஹோவிடம் போக எனக்கு மனம் வரவில்லை. அம்மையார் பதில் சொல்லத் திணறுவதை நாடு உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். கேள்வி கேட்டவர் பிரையன் வால்டன். தொழிற்கட்சியின் முன்னாள் எம்.பி. அதே சமயம் அம்மையாரின் பரம ரசிகர்.

இந்த வால்டன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அவர் நடமாடினால் யாரும் கோபிக்க வேண்டாம்.

பிறந்தது 1932இல், பர்மிங்காமை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச் என்ற தொழில்நகரத்தில். உள்ளூர் கிராமர் பள்ளியில் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 1957இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாத மன்றத்தின் தலைவர். எதிராளியின் வாதத்தை அவனைவிட அழகாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதைப் பிரித்துப் போடும் வித்தை அங்கே கைவந்தது. உச்சரிப்பில் மட்டும் ஒரு கோளாறு. ஆங்கில 'ர' அவருக்குக் கடைசி வரை சரியாக வரவில்லை. பேச்சில் ஊர் வாடையும் போகவில்லை. பிற்காலத்தில் கேலி நடிகர்கள் பலருக்கு அந்த உச்சரிப்பு சோறு போட்டது.

1961 ஆஸ்வெஸ்ட்ரி இடைத்தேர்தலில் தோல்வி. அங்கே அவரை வென்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜான் பிஃபன். இந்தத் தொடரில் தாட்சரின் அமைச்சராக முன்பே வந்துபோனவர். 1964இல் பர்மிங்காம் ஆல் செயின்ட்ஸ் தொகுதி வால்டனைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பியது. 1974 முதல் லேடிவுட் தொகுதி. தொழிற்கட்சியில் முன்னாள் தலைவர் கெய்ட்ஸ்கெல் வழி வந்த வலது அணிக்காரர். சபையின் தேர்ந்த பேச்சாளர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியும் மந்திரி பதவி எதிலும் உட்காரவில்லை. பந்தய புக்கிகளின் தேசியச் சங்கத்துக்குச் சம்பளம் வாங்கும் ஆலோசகராகவும் இருந்தார். அன்றைய விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. புக்கிகளின் எம்.பி. என்று சக உறுப்பினர்கள் கிண்டலடித்தார்கள், அவர் அலட்டிக்கொள்ளவில்லை. என் பிரியத்துக்குரியவர் என்பதற்காக இதை மறைக்க முடியாது. மக்கள் பிரதிநிதி ஒருவர் ஒரு தொழிலுக்காகத் தனியே சம்பளம் வாங்குவது எந்தக் காலத்திலும் அழகல்ல.

1976இல் பிரதமர் கேலகனின் தொழிற்கட்சி அரசு ஒவ்வொரு ஓட்டையும் எண்ணி எண்ணி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் வீச்சைத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள கிடங்குகள் வரை நீட்ட ஒரு மசோதா வந்தது. தொழிற்சங்கங்களுக்கு அது மானப் பிரச்சினை. அந்த நவம்பரில் வாக்கெடுப்பின்போது வால்டனும் சக தொழிற்கட்சி எம்.பி. ஜான் மேக்கின்டாஷும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மசோதாவின் முக்கியமான பகுதி அத்தோடு போயிற்று. கட்சியில் வால்டனின் எதிர்காலமும்தான்.

வேறு ஒரு வாசல் வேறு எங்கோ திறந்தது. 1972 முதல் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் நிறுவனம் ஞாயிறு நண்பகலில் 'வீக்எண்ட் வேர்ல்ட்' என்ற அரசியல் நிகழ்ச்சியை நடத்திவந்தது. அதன் தொகுப்பாளர் பீட்டர் ஜே, பிரதமர் கேலகனின் மருமகன். 1977இல் அவரை வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். மாமனார் பிரதமர், மருமகன் தூதர். நம் ஊரில் நடந்திருந்தால் மேடைகளில் எப்படிக் கிழித்திருப்பார்கள்! காலியான நாற்காலிக்கு வால்டனை அழைத்தார்கள். பிரிட்டனில் எம்.பி. பதவியை நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. அரசரின் கீழ் ஒரு பெயரளவுப் பதவியை வாங்கிக்கொண்டால் எம்.பி. பதவி தானாகப் பறிபோகும். அந்தப் பழைய சடங்கை முடித்துவிட்டு வால்டன் வெளியேறினார். லேடிவுட் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியே மீண்டும் ஜெயித்தது. அவர் போனதால் கட்சி ஒரு இடத்தை இழந்தது என்று சொல்ல வழியில்லை.

அதே பாதையில் பின்னால் வந்தவர்களும் உண்டு. 1986இல் வால்டன் அந்த நிகழ்ச்சியை விட்டு விலகியபோது அந்த இடத்துக்கு வந்த மேத்யூ பாரிஸ், அதற்காகவே கன்சர்வேட்டிவ் எம்.பி. பதவியைத் துறந்தவர். அதே ஆண்டில் தொழிற்கட்சியின் ராபர்ட் கில்ராய் சில்க் பதவியை விட்டுவிட்டு பிபிசியின் பகல் நேர விவாத நிகழ்ச்சிக்குப் போனார். மக்கள் மத்தியில் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து 2004 வரை ஓட்டினார். அரபு மக்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரை அதற்கு முடிவு கட்டியது. உடனே யுகிப் கட்சியில் சேர்ந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். கில்ராய்க்குத் தொலைக்காட்சி இன்னொரு மேடை. வால்டனுக்கு அது குறுக்கு விசாரணைக் கூண்டு. இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தக் கூண்டு எப்படித் தயாரானது என்பது சுவையான விஷயம். நிகழ்ச்சியின் முதல் ஆசிரியர் ஜான் பர்ட். தொலைக்காட்சிச் செய்தி சம்பவத்தைக் காட்டுகிறது, காரணத்தை விளக்குவதில்லை என்று பீட்டர் ஜேயும் அவரும் 1975இல் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். அந்தக் கொள்கைதான் 'வீக்எண்ட் வேர்ல்ட்'டின் அஸ்திவாரம். ஒரு பிரச்சினையை வாரம் முழுக்க ஆராய்வார்கள். அமைச்சர் எதைச் சொல்லக்கூடும் என்று பட்டியல் போடுவார்கள். ஆம் என்றால் எந்தக் கேள்வி, இல்லை என்றால் எந்தக் கேள்வி, மழுப்பினால் எந்தக் கேள்வி என்று கிளை கிளையாக எழுதிவைப்பார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் புலி நகரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே அடைத்துவைப்பது போன்ற வேலை. பின்னாளில் டோனி பிளேரின் மூளையாகப் பேசப்பட்ட பீட்டர் மாண்டல்சன் இந்தப் பட்டறையில் தயாரிப்பாளராக இருந்தவர்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வால்டன் கொண்டுவந்தது பதின்மூன்று ஆண்டு காமன்ஸ் அனுபவம். அரசியல்வாதி எந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிவான் என்பது அவருக்கு அத்துப்படி. அவரே ஒளிந்து பார்த்த இடங்கள்தானே! கத்த மாட்டார், குறுக்கே விழ மாட்டார். நீங்கள் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரிதானா என்று பணிவாகக் கேட்பார். சரி என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். சாப்பாட்டு வேளையில் இதைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர் அல்லர். ஆனால் திங்கட்கிழமைப் பத்திரிகைக்குத் தலைப்பு தேடும் நிருபர்கள் பார்த்தார்கள்.

தாட்சர் இந்த நாற்காலிக்கு விரும்பி வந்தார். இருவரும் தலைநகருக்கு வெளியே சிறிய ஊரில் பிறந்து, கிராமர் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் தலைதூக்கியவர்கள். பைபிள் கதையின் நல்ல சமாரியனிடம் நல்ல எண்ணத்தோடு பணமும் இருந்ததால்தான் உலகம் அவனை நினைவில் வைத்திருக்கிறது என்று அம்மையார் சொன்னது 1980 ஜனவரியில் வால்டனிடம்தான். பாதிரிமார்களுக்கு அது பல நாள் உறுத்தியது. 1983 ஜனவரியில் வால்டன் ஒரு சொல்லை நீட்டினார்: நீங்கள் பேசுவது விக்டோரியா காலத்து விழுமியங்கள் அல்லவா? ஆமாம், அதேதான் என்று அம்மையார் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டுத் தேர்தல் முழுக்க அந்தச் சொல் ஓடியது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் முன்னாள் தொழிற்கட்சிக்காரர் என்பதுதான் வேடிக்கை. பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்றார்கள். துரோகி என்று நான் சொல்ல மாட்டேன். மயங்கியவர் என்று சொல்லலாம்.

இப்போது 1989க்கு வருவோம். நிதியமைச்சர் நைஜல் லாசனுக்கும் பிரதமரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்டர்ஸுக்கும் நடந்த இழுபறியை முந்தைய இதழ்களில் பார்த்தோம். (பெயர்க் குழப்பம் வேண்டாம்: ஆலோசகர் வால்டர்ஸ், பேட்டியாளர் வால்டன்.) வட்டி விகிதம் 15 சதவீதத்தைத் தொட்டிருந்த அக்டோபர் அது. 26ஆம் தேதி வியாழக்கிழமை லாசன் ராஜினாமா செய்தார். அன்றைக்கே வால்டர்ஸும் போனார். மூன்றாம் நாள், 'வீக்எண்ட் வேர்ல்ட்'டுக்குப் பிந்தைய தன் நிகழ்ச்சியில் வால்டன் எடுத்த பேட்டி. தேதி முன்பே குறித்தது, அம்மையார் பின்வாங்கவில்லை. பேட்டியாளர் நண்பர்தானே என்ற தைரியமாக இருக்கலாம்.

லாசனின் இடம் அசைக்க முடியாததாக இருந்தது என்று அம்மையார் திரும்பத் திரும்பச் சொன்னார். வால்டன் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். அசைக்க முடியாதவர் என்றால் ஏன் போனார்? வால்டர்ஸை நீக்கியிருந்தால் இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது என்றார் பிரதமர். நாட்டின் நிதியமைச்சர் எதற்காகப் போனார் என்பது பிரதமருக்குத் தெரியாதா? இது பயங்கரமான ஒப்புதல் என்றார் வால்டன். அதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. அம்மையாரும் அதே பதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் 'பிரையன்' என்று பேர் சொல்லிப் பேச, இவர் 'பிரதமரே' என்றே கடைசி வரை விளித்தார்.

அடுத்து வந்ததுதான் உச்சம். நீங்கள் புத்தி கொஞ்சம் பிசகியவராக, அதிகாரம் செய்பவராக, யார் பேச்சையும் கேட்காதவராக வெளியே தெரிகிறீர்களே, ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்டார் வால்டன். இந்தப் பேட்டியில் அதிகாரம் செய்வது யாரென்றால் அது நீங்கள்தான், பிரையன் என்று அம்மையார் திருப்பியடித்தார். நல்ல பதிலடி, மறுக்கவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் அது அல்ல. கேட்டது பகைவராக இருந்தால் வழக்கமான அவதூறு என்று மக்கள் ஒதுக்கியிருப்பார்கள். பத்தாண்டு மெச்சியவரே கேட்டதால் அது ஒட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிறு அதே நிகழ்ச்சியில் லாசன் வந்து உட்கார்ந்தார். வால்டர்ஸ் போகாவிட்டால் நான் போவேன் என்று பிரதமரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன் என்றார். தெரியாது என்ற பதிலுக்கு அப்புறம் என்ன மதிப்பு?

ஒரு விஷயம் கவனியுங்கள். அன்று வரை பிரிட்டன் மக்கள் தங்கள் பிரதமர் காமன்ஸ் சபையில் பதில் சொல்வதைத் திரையில் பார்த்ததே இல்லை. வானொலியில் 1978 முதல் கேட்டார்கள், அவ்வளவுதான். சபைக்குள் தொலைக்காட்சி கேமரா நுழைந்தது 1989 நவம்பர் 21ஆம் தேதி. அந்தக் காலத்தில் செவ்வாயும் வியாழனும் பதினைந்து பதினைந்து நிமிடக் கேள்வி நேரம். இருதரப்புக் கூச்சலில் அம்மையார் சிங்கம். கூச்சல் இல்லாத அறையில், நழுவ விடாத ஒருவருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்காருவது வேறு சமாச்சாரம். சபை கேட்கத் தவறியதை, சபையை விட்டு வெளியேறியவர் கேட்டார். ஹோவின் உரையை அடுத்த ஆண்டு நாடே திரையில் பார்த்ததும் அந்தக் கேமராக்களின் தயவால்தான். அதற்கு இந்த வாரம் இடமில்லை.

தாட்சர் அதன்பின் வால்டனுக்குப் பேட்டி கொடுக்கவே இல்லை. வால்டன் 1990களின் கடைசியில் பிபிசியில் குறிப்புச் சீட்டு ஏதும் இல்லாமல் கேமராவைப் பார்த்து வரலாற்றுப் பேருரைகள் நிகழ்த்தினார். ஒரு வரிசை நாயகர்களைப் பற்றி, இன்னொன்று வில்லன்களைப் பற்றி. 2019 மே மாதம் கர்ன்சி தீவில் 86 வயதில் மறைந்தார். 2025இல் சேனல் 4 அந்தப் பேட்டியை நாடகமாக்கியது. ஸ்டீவ் கூகன் வால்டனாகவும் ஹாரியட் வால்டர் தாட்சராகவும் நடித்தார்கள்.

என் கணக்கில் இந்தக் கதையின் வில்லன் லாசன் அல்ல, வால்டர்ஸும் அல்ல. அந்த ஞாயிறு தத்தம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் அமைச்சரவை வேலைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் போன கனவான்கள்தான். நண்பராக இருந்தும் கேட்டவர் ஒருவர். கூடவே இருந்தும் வாய் திறக்காதவர்கள் ஒரு மந்திரிசபை. முதல் ஆளாகத் துணிந்தவர் அமைச்சரே அல்ல, ஆண்டனி மேயர் என்ற பின்வரிசை எம்.பி. 1989 டிசம்பர் 5ஆம் தேதி கட்சித் தலைமைக்கு அவர் அம்மையாரை எதிர்த்து நின்றார். தாட்சருக்கு 314, மேயருக்கு 33. செல்லாத ஓட்டு 24, வராதவர்கள் 3. ஆக, சொந்தக் கட்சி எம்.பி.க்களில் அறுபது பேர் பிரதமருக்கு ஓட்டுப் போடவில்லை. அந்த அறுபதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மேயரிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)