பயாஸில் இருந்த தப்பு



பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். "அப்பத்தா, என் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் பண்ணப் போறேன். சாஃப்ட்வேர்லயே பண்ணலாமா, பயாஸுக்குள்ள போகணுமா?" என்று கேட்டான். எனக்கு 2000ஆம் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

கம்பெனி குறித்த வேகத்தைவிடக் கூடுதலாக ப்ராசஸரை ஓடவிடுவதுதான் ஓவர்கிளாக். முன்பெல்லாம் மதர்போர்டில் ஜம்பர் என்ற சின்னத் துண்டை இடம் மாற்றிச் செருகிச் செய்தார்கள். 1990களின் நடுவில் தைவானின் ஏபிட் கம்பெனி, அதைப் பயாஸ் திரையிலேயே மாற்ற வழி செய்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் எழுந்திருப்பது பயாஸ். பிறகு சாஃப்ட்எஃப்எஸ்பி மாதிரி சாஃப்ட்வேர்கள் வந்தன. விண்டோஸ் ஓடும்போதே வேகத்தைக் கூட்டலாம்.

1998இல் இன்டெல்லின் செலரான் 300ஏ வந்தது. 66ஐ நாலரையால் பெருக்கினால் ஏறக்குறைய 300 மெகாஹெர்ட்ஸ், இது கணக்கு. நாலரையை இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் 66ஐ 100 ஆக்கினால் 450! உலகம் முழுக்கப் பையன்கள் இதைச் செய்து பார்த்தார்கள். குறைந்த வேக ப்ராசஸரை இப்படி முடுக்கி, கூடுதல் விலைக்கு விற்ற வியாபாரிகளும் அப்போது இருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு '450' என்று சொல்லி வாங்கிய ஒரே கம்ப்யூட்டர், ஏப்ரல் வெயிலில் அடிக்கடி நின்றது. முழுப் பரீட்சை மார்க் பட்டியல் பாதி அழிந்துபோனது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சிடியில் கொண்டுவந்த சாஃப்ட்எஃப்எஸ்பியைப் போட்டுப் பார்த்திருந்தான். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். கம்ப்யூட்டர் அறைக்குள் வரவே கூடாது என்றேன்.

கோடை லீவில் மெக்கானிக் வந்தார். "டீச்சர், அந்த சாஃப்ட்வேர் மாத்தினது கம்ப்யூட்டரை அணைச்சா போயிடும். இது தினமும் காலையில போட்டதுமே 450ல ஓடுது. வித்தவங்களே பயாஸ்ல 100 வச்சிருக்காங்க" என்றார். 66க்கு இறக்கினார். அப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தப் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

பேரனுக்குச் சொன்னது இதுதான். முதலில் சாஃப்ட்வேரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார். ஆனால் விண்டோஸோடு தானாகத் தொடங்கும்படி வைக்காதே. அப்போதுதான் தப்பானால் அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகும். சூடு ஏறாமல், நிற்காமல் பல மணி நேரம் ஓடினால் பிறகு பயாஸில் வை. பழைய எண்களை நோட்டில் எழுதிக்கொள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லையென்றால் பயாஸை ரீசெட் பண்ணு. சில லேப்டாப்பில் சாஃப்ட்வேர் வழி அடைத்திருக்கும். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், சாஃப்ட்வேரிலிருந்து வோல்டேஜைத் தொடும் வழியை இன்டெல் பயாஸ் அப்டேட் மூலம் பூட்டியது.

அந்த மாணவன் இப்போது இந்தப் பக்கத்தில் என் நண்பர் பட்டியலில் இருக்கிறான். தம்பி, தப்பு உன்மேல் இல்லை. எல்லார் முன்னாலும் திட்டினேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். காரைக்குடி வந்தால் வீட்டுக்கு வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்