தமுக்குச் சத்தம் கேட்காத தூரம்

இங்கிலாந்தில் 1285-ஆம் ஆண்டுச் சட்டம், தீர்ப்புப் பெற்ற கடன்காரருக்குக் கடனாளியின் நிலத்தில் பாதியைக் கொடுத்தது. 1838-இல் முழு நிலமும் பொறுப்பாகி, தீர்ப்பே வில்லங்கமாகப் பதிவாயிற்று.

நம் நாட்டில் அப்படியில்லை. டிக்ரி மட்டும் நிலத்தைக் கட்டாது, ஜப்தி வேண்டும். 1908 சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 54-ஐப் பாருங்கள்: தமுக்கடித்தோ, ஊர் வழக்கப்படியோ அறிவித்து, உத்தரவை நிலத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் கிரயம் ஜப்திக்காரரைக் கட்டுப்படுத்தாது என்கிறது 64-ஆம் பிரிவு.

வாங்குகிறவரும் அதே ஊர்க்காரராக இருந்த காலத்து ஏற்பாடு! டில்லியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் மனை வாங்கிய என் காதில் தமுக்கு எங்கே விழும்? வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. கோர்ட்டில் போய் யாரும் பார்க்கவில்லை, நானுந்தான். கடைசியில் விற்றவர் பட்ட கடனை நானே கட்டி மனையை மீட்டேன்.